பழைய மதிப்பெண் அட்டைகளைத் தேடி எடுங்கள்

நம் சங்கக் கூட்டங்களில் நோயைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. பொங்கல் விழாவில் கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டே ஒருவர் தம் ரத்தச் சர்க்கரை அளவைச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் முழங்கால் ஆபரேஷனுக்கு ஆன செலவைச் சொல்வார். தைராய்டு, ஸ்டென்ட், கண்புரை எல்லாம் சகஜமான பேச்சாகிவிட்டன. ஆனால், "மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், சுற்றி நிற்பவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அப்படி மாற்றப்படும் பேச்சுகளில் ஒன்றை இங்கே எழுத்திலாவது முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் டாக்டர் அல்ல. எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் சேர்ந்து, 37 ஆண்டுகள் லோகோ ஷெட்டில் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். இதில் வரும் மருத்துவ விவரங்கள் படித்தும், டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை. கருத்து மட்டும் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த மகனுக்கோ மகளுக்கோ ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்கோளாறு இருக்கிறதா என்று டாக்டர் ஆராயும்போது, அங்கே போய் உள்ளதை உள்ளபடி சொல்வது பெற்றோரின் கடமை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அந்தக் கடமை இரட்டிப்பு.

எங்கள் நாக்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அவர்கள் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். தந்தை என்னைப் போலவே ரயில்வேக்காரர். மூத்த மகளுக்கு வயது 37. எம்.காம். படித்து, ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். கெட்டிக்காரப் பெண் என்று எல்லோருமே சொல்வோம். ஆனால் கையில் பணம் இருந்தும் கரண்ட் பில் கட்டத் தவறி மாதா மாதம் அபராதம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். ஸ்கூட்டர் சாவியைத் தினமும் தேடுவார். அலுவலகத்தில் எல்லா வேலையும் முக்கால்வாசி முடிந்து நிற்கும். பத்து வருடத்தில் ஐந்து கம்பெனி மாறிவிட்டார். புகுந்த வீட்டில் "பொறுப்பில்லாதவள்" என்று பட்டமே கட்டிவிட்டார்கள். ஒருநாள் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர மறந்துபோய், வாட்ச்மேனுடன் அது ஒன்றரை மணி நேரம் கேட்டில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் மனநல டாக்டரிடம் போனார்.

டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார். மருந்து எதுவும் எழுதவில்லை. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வாருங்கள். சின்ன வயது ரிப்போர்ட் கார்டு ஏதாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

தந்தை மறுத்துவிட்டார். என்னிடம் அவர் சொன்னது இது: "என் பொண்ணு எம்.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். அவளுக்கு மூளைல கோளாறுன்னு நானே போய் சாட்சி சொல்லணுமா? சின்னவளுக்கு வேற வரன் பாத்துக்கிட்டிருக்கோம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம்மில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதையேதான் சொல்வார்கள். அந்தப் பேச்சில் மூன்று கவலைகள் இருக்கின்றன. மூளைக்கோளாறு என்ற பயம் ஒன்று. படித்துத் தேறியவளுக்கு இது எப்படி வரும் என்ற சந்தேகம் ஒன்று. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் ஒன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன கோளாறு?

ஏ.டி.எச்.டி.யைத் தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்கிறார்கள். சொன்ன வேலையை முடிக்காமல் விடுவது, சின்னச் சின்னத் தவறுகள், பொருள்களைத் தொலைப்பது, நேரத்தைக் கணிக்க முடியாமை, எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எண்ணம் வேறெங்கோ போய்விடுவது ஆகியவை ஒரு வகை அறிகுறிகள். ஓரிடத்தில் உட்கார முடியாமை, அடுத்தவர் பேச்சை முடிக்குமுன் குறுக்கே விழுவது, யோசிக்காமல் செலவு செய்வது, திடீரென்று வேலையை விடுவது போன்றவை இன்னொரு வகை. சிலருக்கு முதல் வகை மட்டும் இருக்கும், சிலருக்கு இரண்டும் இருக்கும்.

"நம்ம காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1798ஆம் ஆண்டிலேயே கவனத்தை நிலைநிறுத்த முடியாத நிலையைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1987இல் வந்தது. ஆக, பெயர்தான் புதிது. நம் காலத்தில் இதற்கு இருந்த பெயர்கள் வேறு: மக்கு, சோம்பேறி, ஊதாரி, உருப்படாதவன். வயதுக்கு வந்தவர்களில் 100க்கு 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது வளர்ப்பில் வந்த குறையும் இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஒருவருக்கு இது இருப்பதற்கும் மற்றவருக்கு இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் 74 சதவீதம் பரம்பரையைச் சேர்ந்தது. உயரம் போல, கண்பார்வை போல, குடும்ப வழியாக வருவது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் வேலை செய்யும் விதம் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. புத்தி பேதலிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதனால் "மூளைக்கோளாறு" என்று பயந்த நண்பருக்கு என் பதில்: சர்க்கரை நோயைக் கணையத்தின் கோளாறு என்று சொல்ல நாம் வெட்கப்படுவதில்லையே!

படித்துத் தேறியவர்களுக்கு எப்படி?

இந்த இரண்டாவது சந்தேகம் நியாயமானது. இதற்கு என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ரயில்வே எந்த மனிதனின் கவனத்தையும் முழுதாக நம்புவதில்லை. லோகோ பைலட் சிக்னலைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உதவி பைலட் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் கொடுத்து வாங்கி எழுதி வைக்க வேண்டும். எஞ்சினில் விஜிலன்ஸ் கண்ட்ரோல் டிவைஸ் என்று ஒரு கருவி உண்டு. 60 விநாடி வரை டிரைவர் எந்தக் கைப்பிடியையும் பட்டனையும் தொடவில்லை என்றால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும், அதற்கும் அசையவில்லை என்றால் பிரேக் தானாகவே விழும். இதை மாட்டியதால் டிரைவர்கள் எல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. கவனம் என்பது தளரக்கூடியது, அதற்குத் துணை வேண்டும் என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது.

நம் வீடுகளில் அந்தக் கருவியின் வேலையை அம்மாக்கள் செய்கிறார்கள். எழுப்பிவிடுவது அம்மா. டைம்டேபிள் பார்த்துப் பையை அடுக்குவது அம்மா. "ஹோம் ஒர்க் முடிச்சியா?" என்று அரை மணிக்கொரு தடவை கேட்பதும் அம்மா. இத்தனை துணையோடு புத்திசாலிப் பிள்ளை ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குவதில் ஆச்சரியம் என்ன? கல்யாணமாகி, வேலை, குழந்தை, மாமனார் மாமியார், வீட்டுக்கடன் என்று பத்து விஷயங்களை ஒருவரே நினைவில் வைக்க வேண்டி வரும்போதுதான், அதுவரை மறைந்திருந்த குறை வெளியே வருகிறது. பெண் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கஷ்டம். மேஜை மேல் ஏறிக் குதிக்கும் பையனை ஆசிரியர் கவனிப்பார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை "அமைதியான குழந்தை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

ஷெட்டில் சரியாக ஓடும், லைனில் நின்றுவிடும்

எங்கள் ஷெட்டுக்கு வந்ததிலேயே சிரமமான பழுது எது என்றால், விட்டு விட்டு வரும் பழுதுதான். எஞ்சின் லைனில் பெயிலாகும். ஷெட்டுக்குள் கொண்டுவந்து சோதித்தால் எல்லா ரிலேயும் ஒழுங்காக வேலை செய்யும். சூடேறி, அதிர்வும் சேரும்போது மட்டும் விலகுகிற ஒரு கம்பி எங்கோ இருக்கும். அதைப் பிடிக்க மீட்டரை விட உதவுவது லாக் புத்தகம். எந்த எந்த தேதியில், எந்த இடத்தில், என்ன செய்யும்போது நின்றது என்று டிரைவர்கள் எழுதி வைத்த குறிப்புகளை வரிசையாகப் படித்தால் பழுது இருக்கும் திசை தெரிந்துவிடும்.

ஏ.டி.எச்.டி.யும் அப்படிப்பட்டதுதான். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. டாக்டர் முன் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில் அவர் நன்றாகவே பேசுவார். பிடித்த விஷயம் என்றால் நாலு மணி நேரம் நகராமல் செய்வார். "கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் ஞாபகம் இருக்குதே!" என்று நாம் கேட்பது இதனால்தான். கவனம் அறவே இல்லாமல் போவது இல்லை இது. தேவையான இடத்தில், தேவையான நேரத்துக்கு அதை நிறுத்த முடியாமல் போவது. ஆகவே டாக்டர் பழைய வரலாற்றைப் பார்க்கிறார்.

2013இல் வெளியான அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு சொல்லும் விதிகள் தெளிவானவை. இரண்டு வகையிலும் ஒன்பது ஒன்பது அறிகுறிகள். 17 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஏதாவது ஒரு வகையில் ஐந்தாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, அலுவலகம் என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். இவற்றோடு முக்கியமான ஒன்று: அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். நாற்பது வயதில் திடீரென்று மறதி வந்தால் அது வேறு ஏதோ. தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். அவற்றையும் பார்த்த பிறகுதான் நல்ல டாக்டர் முடிவு சொல்வார்.

12 வயதுக்கு முன் நடந்ததைப் பிள்ளையால் எப்படிச் சரியாகச் சொல்ல முடியும்? அதைப் பார்த்தவர்கள் நாம்தான்.

மாற்றலில் வாழ்ந்த குடும்பங்களில் இது இன்னும் கடினம். உள்ளூரிலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஒரே பள்ளி, ஒரே வாத்தியார், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று சாட்சிகள் பலர். நம் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு புசாவலில், ஆறாம் வகுப்பு பிலாஸ்பூரில், பத்தாம் வகுப்பு நாக்பூரில் என்று படித்தவர்கள். பிள்ளை பின்தங்கினால் ஒவ்வொரு முறையும் நாம் சொன்ன காரணம் ஒன்றுதான்: "ட்ரான்ஸ்ஃபர்ல வந்தது, பாஷை புதுசு, போகப் போகச் சரியாயிடும்." பல பிள்ளைகளுக்கு அதுதான் உண்மைக் காரணமாகவும் இருந்தது. சிலருக்கு அது திரையாகிவிட்டது. ஊர் மாறினாலும், மொழி மாறினாலும், ஆசிரியர் மாறினாலும் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைக் காட்டக்கூடியவை அந்தப் பழைய மதிப்பெண் அட்டைகள் மட்டுமே.

நண்பர் மறுத்ததும் அவர் மனைவி பேசாமல் பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். நான்கு பள்ளிகளின் அட்டைகள் இருந்தன. ஒன்றில் இந்தியில், ஒன்றில் மராத்தியில், இரண்டில் ஆங்கிலத்தில் குறிப்புகள். அவசரத்தில் தவறு செய்கிறாள், நோட்டை முடிப்பதில்லை, பொருள்களைத் தொலைக்கிறாள், இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவள். நான்கு ஆசிரியர்கள், மூன்று மொழிகள், ஒரே கருத்து. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது கடைவீதி இந்தி. கத்தரிக்காய் பேரம் பேச அது போதும். மகளின் ஏழு வயதை டாக்டருக்கு விவரிக்கப் போதாது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல என் மனைவி இரண்டு பக்கம் தமிழில் எழுதி, அதை இந்தியிலும் பெயர்த்துக் கொடுத்து, உடனும் போய்வந்தார். டாக்டர் அதை முழுவதும் படித்தார். இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்தார்.

மருந்தும் மற்றவையும்

இந்தியாவில் பெரியவர்களுக்குத் தரப்படும் மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மெத்தில்ஃபெனிடேட். 1944இல் முதலில் தயாரிக்கப்பட்டு, 1954 முதல் விற்பனைக்கு வந்தது. சில மணி நேரம் வேலை செய்யும். பசி குறையலாம், தூக்கம் கெடலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம். ஆகவே இதய நோய் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். இது 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சீட்டு இருந்தாலும் எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பயந்து ஓட வேண்டாம். கண்காணிப்போடு சாப்பிட வேண்டிய மருந்து என்பதே பொருள். இரண்டாவது மருந்து அடமாக்செடின். இது அந்த வகை ஊக்க மருந்தாகாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி.க்கு எழுதித் தரும் ஆம்ஃபெடமின் வகை மாத்திரைகள் இந்தியக் கடைகளில் விற்கப்படுவதில்லை. ஆம்ஃபெடமினும் மேற்சொன்ன சட்டத்தின் பட்டியலில் உள்ளது. அங்கே சாப்பிடும் மகன் விடுமுறைக்கு வரும்போது, விதிகளை விசாரித்து, டாக்டர் கடிதத்தோடு வர வேண்டும். தம்பிக்கும் இருக்கும் போலிருக்கிறதே என்று ஒரு டப்பி கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் கூடவே கூடாது.

மருந்து குணப்படுத்திவிடாது, கண்ணாடி போட்டால் பார்வை தெரிவது போல, சாப்பிடும்போது உதவும். பயன் சிறியதும் அல்ல. 2014இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், ஏ.டி.எச்.டி. உள்ள ஆண்கள் மருந்து சாப்பிட்ட காலங்களில் அவர்களுக்குக் கடுமையான சாலை விபத்து நேரும் அபாயம், அதே ஆட்கள் சாப்பிடாத காலத்தை விட 58 சதவீதம் குறைவாக இருந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆயுள் முழுவதும் பாதுகாப்புத் துறையில் பழகிய எனக்கு இந்த ஒரு எண் போதும், "மருந்தெல்லாம் எதற்கு" என்ற பேச்சை நிறுத்த.

மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும் பழக்க மாற்றமும் வேண்டும். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்குவது, எல்லாவற்றையும் எழுதுவது, அலாரம் வைப்பது, சாவிக்கு ஒரே ஆணி, பில்லை வங்கியே கட்டிவிடும்படி ஏற்பாடு செய்வது என்று டாக்டர்களும் ஆலோசகர்களும் கற்றுத் தருகிறார்கள். ரயில்வேயில் நாங்கள் செய்ததும் இதுதானே! நண்பரின் மகள் வீட்டில் இப்போது அடுப்புப் பக்கத்தில் டைமர் இருக்கிறது. கரண்ட் பில் ஏழு மாதமாக அபராதமில்லாமல் கட்டப்படுகிறது. குழந்தையை அழைத்துவரும் வேலையைக் கணவர் தம் ஷிப்டை மாற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் ஏற்றுக்கொண்டார். சாவி மட்டும் இன்னும் தொலைகிறது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் "ஏன் என்னால மட்டும் முடியல மாமா?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பொய்யான பட்டமும் வேண்டாம்

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். "இப்ப எல்லாரும் செல்போன்ல நாலு வீடியோ பாத்துட்டு எனக்கு ஏ.டி.எச்.டி.ன்னு சொல்றாங்க" என்கிறார்கள். உண்மைதான். பரீட்சைக்குப் படிக்க இந்த மாத்திரையைத் தேடும் மாணவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் தயாரான கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. மொத்தம் 18 கேள்விகள், அவற்றில் முதல் ஆறு வடிகட்டிப் பார்ப்பதற்கு. அந்த ஆறில் மதிப்பெண் கூடினால் டாக்டரைப் பார் என்று பொருள். நோய் உறுதி என்று பொருளில்லை.

நம் சங்கத்துக் குடும்பத்து இளைஞர் ஒருவர், வயது 31, கம்ப்யூட்டர் வேலை, இப்படித்தான் தமக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவே செய்துவிட்டார். டாக்டர் பெற்றோரை அழைத்தார். அவர்கள் போனார்கள். பென்சில் கூடத் தொலைக்காத பிள்ளை, எட்டாம் வகுப்பு வரை அட்டையில் ஒரு குறை இல்லை என்றார்கள். "ஆனா ரெண்டு வருஷமா குறட்டை வீட்டையே தூக்குது டாக்டர்" என்று தாயார் போகிற போக்கில் சொன்னதை டாக்டர் பிடித்துக்கொண்டார். தூக்கப் பரிசோதனையில், இரவில் மூச்சு அடைபடும் நோய் என்று தெரிந்தது. அதற்கான கருவியை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்த பிறகு அவருடைய கவனம் திரும்பி வந்தது.

ஒரு வீட்டில் பெற்றோர் சாட்சியால் நோய் உறுதியானது. இன்னொரு வீட்டில் அதே சாட்சியால் இல்லை என்று ஆனது. பொய்யான பட்டம் விழுந்துவிடுமோ என்று பயப்படும் பெற்றோர்தான் முதல் ஆளாகப் போக வேண்டும். நாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டால், டாக்டர் பாதி லாக் புத்தகத்தை வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

வெளியே தெரிந்தால்?

மூன்றாவது கவலை இது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. டாக்டர் யார் வீட்டுக்கும் கடிதம் போடப்போவதில்லை. வரன் பார்க்கும் சின்ன மகளைப் பற்றி நான் நண்பரிடம் சொன்னது: அக்காவுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று தெரிந்து பின்வாங்கும் சம்பந்தி, நாளைக்கு உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் பின்வாங்குவார். அப்படிப்பட்டவர் இப்போதே போவது நல்லது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. அதனால் அலுவலகத்தில் சட்டப்படி சலுகை கேட்பது கடினம். ஆனால் வாய்மொழி உத்தரவை எழுத்தில் தருவதற்கும், சத்தமில்லாத மூலையில் ஒரு மேஜை கொடுப்பதற்கும் சட்டம் தேவையில்லை, மனமிருந்தால் போதும். நம்மில் பலர் அதிகாரிகளாக இருக்கிறோம்; அங்கிருந்தே தொடங்கலாம். ரயில் ஓட்டுவது போன்ற பாதுகாப்புப் பணியில் உள்ளவர்கள் மட்டும் மருந்து தொடங்குமுன் தங்கள் துறை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கே போவது? பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், எய்ம்ஸ் மருத்துவமனைகள், அரசு மருத்துவக் கல்லூரிகள் ஆகியவற்றில் மனநலப் பிரிவுகள் உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தமிழும் அதிலுள்ள மொழிகளில் ஒன்று. எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு முதல் வழியாக அது உதவும்.

வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம்தான். அடுத்த தடவை வீடு மாற்றும்போது பழைய காகிதக்காரரிடம் மதிப்பெண் அட்டைகளை எடை போட்டுவிடாதீர்கள். உங்கள் மகனோ மகளோ இப்படி ஒரு சந்தேகத்தோடு வந்தால், "சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரா?" என்று கேட்காமல், ஒரு தாளை எடுத்து, ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை நீங்கள் கண்ணால் கண்டதைத் தமிழிலேயே எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள், குறையையும் எழுதுங்கள். இந்தியிலோ மராத்தியிலோ பெயர்த்துத் தர ஆள் இல்லை என்றால் சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நானும் என் மனைவியும் இருப்போம். எழுதிக் கொடுத்ததை வெளியில் பேச மாட்டோம்.